பயம் தெரிந்தது, காரணம் தெரியவில்லை: அமெரிக்க விமான நிலையங்களின் ‘ஸ்பாட்’ திட்டம் – ஒரு நிகழ்வு ஆய்வு

2013 நவம்பரில் ஜி.ஏ.ஓ. என்ற அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காக அரசுத் துறைகளைத் தணிக்கை செய்யும் அமைப்பு அது. நம் ஊர் சி.ஏ.ஜி. மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். விமான நிலையப் பாதுகாப்பைக் கவனிக்கும் டி.எஸ்.ஏ., 2007 முதல் ஒரே ஒரு திட்டத்துக்குச் சுமார் 90 கோடி டாலர் செலவழித்திருக்கிறது. 176 விமான நிலையங்களில் ஏறக்குறைய 3,000 பேர் அதற்காகவே பணியில் இருக்கிறார்கள். ஆனால் அது பலன் தருகிறது என்பதற்குச் சான்று இல்லை. எனவே இனிமேல் அதற்குப் பணம் ஒதுக்குவதைக் கட்டுப்படுத்த வேண்டும். அறிக்கையின் சாரம் இவ்வளவுதான்.

அந்த 3,000 பேருக்கு என்ன வேலை? வரிசையில் நிற்கும் பயணிகளின் முகத்தையும் கை கால் அசைவையும் பார்த்து, யார் மனத்தில் கெட்ட எண்ணம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. திட்டத்தின் பெயர் ஸ்பாட்.

உணர்ச்சி பற்றிய உளவியல் கோட்பாடுகளை வகுப்பில் படிக்கும்போது ஜேம்ஸ், கேனன், ஷாக்டர் என்று பெயர்களை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடலாம். யாருக்கும் நஷ்டம் இல்லை. அதே சங்கதி பட்ஜெட்டும் சீருடையும் போட்டுக்கொண்டு வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பாட்டைவிடப் பொருத்தமான நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. இந்தக் கோட்பாடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. ஆனால் அவற்றில் எதை வைத்து உரசிப் பார்த்தாலும் ஸ்பாட் தேறாது. அதற்கு ஆதாரம் என்று காட்டப்பட்ட கோட்பாட்டிலேயே அது தேறவில்லை என்பதுதான் வேடிக்கை.

தொடங்கிய விதம்

2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட நான்கு விமானங்களில் இரண்டு, பாஸ்டன் நகரின் லோகன் விமான நிலையத்திலிருந்து கிளம்பியவை. அதன் பிறகு அங்கே பாதுகாப்பைச் சீரமைக்க அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் ராஃபி ரான். இஸ்ரேலின் பென் குரியன் விமான நிலையத்தில் பாதுகாப்புத் தலைவராக இருந்தவர். பொருளைத் தேடுவதோடு ஆளையும் கவனி என்பது அவர் கொண்டுவந்த பார்வை. லோகனில் முதலில் மாநிலப் போலீஸுக்கு அந்தப் பயிற்சி கிடைத்தது. அந்த யோசனையைப் பார்த்த டி.எஸ்.ஏ. தனக்கென ஒரு வடிவத்தை உருவாக்கிச் சோதித்து, 2007 முதல் நாடு முழுக்கப் பரப்பியது.

இதில் ஒரு விஷயம் வழியிலேயே மாறிப்போனது. இஸ்ரேலிய முறையில் பயணியிடம் கேள்வி கேட்டு, பதிலைத் துருவிப் பார்ப்பதற்குத்தான் முதலிடம். அமெரிக்க விமான நிலையங்களின் கூட்டத்துக்கு அது கட்டுப்படியாகாது. ஸ்பாட்டில் ஒரு பயணியைக் கவனிக்கக் கிடைத்த நேரம் சராசரியாக 30 நொடிக்கும் குறைவு. பேச்சுக்கு இருந்த இடத்தை இப்படி முகம் பிடித்துக்கொண்டது.

முகம் காட்டிக்கொடுக்கும் என்ற நம்பிக்கை

முகத்துக்கு அறிவியல் மரியாதை வாங்கிக் கொடுத்தவர்களில் அமெரிக்க உளவியலாளர் பால் ஏக்மனுக்குப் பெரிய பங்கு உண்டு. 1872இல் டார்வின், மனிதர்களும் விலங்குகளும் உணர்ச்சியை வெளிக்காட்டும் விதம் பற்றித் தனிப் புத்தகமே எழுதி, முகபாவனைகள் பரிணாமத்தில் வந்தவை என்று வாதாடினார். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அந்தக் கருத்துக்கு மவுசு குறைந்து, முகபாவனையெல்லாம் அந்தந்தச் சமூகம் கற்றுக்கொடுப்பது என்ற எண்ணம் மேலோங்கியிருந்தது. அந்தச் சமயத்தில், 1967–68இல், ஏக்மன் பப்புவா நியூ கினியின் மலைப்பகுதிக்குப் போய், வெளியுலகத் தொடர்பு மிகக் குறைவாக இருந்த ஃபோரே மக்களிடம் ஒரு சோதனை செய்தார். ஒரு சின்னக் கதை சொல்வார்: இவருடைய குழந்தை இறந்துவிட்டது என்பது மாதிரி. இரண்டு மூன்று புகைப்படங்களைக் காட்டி, இதில் அவர் முகம் எது என்று கேட்பார். பெரும்பாலும் மேற்கத்தியர் தேர்ந்தெடுக்கும் படத்தையே அவர்களும் தேர்ந்தெடுத்தார்கள். பயத்தையும் வியப்பையும் பிரிப்பதில் மட்டும் தடுமாற்றம் இருந்தது. அடிப்படை உணர்ச்சிகள் சில, அவற்றுக்கு உலகம் முழுக்கப் பொதுவான முகங்கள் என்ற கோட்பாடு இதிலிருந்து வலுப்பெற்றது.

ஸ்பாட்டுக்கு உயிர் கொடுத்தது இதைவிட, ‘நுண்பாவனை’ என்ற இன்னொரு கருத்துத்தான். 1969இல் ஏக்மனும் அவருடைய சகா வாலஸ் ஃப்ரீசனும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். மனநல மருத்துவமனையில் இருந்த ஒரு பெண், தனக்குச் சரியாகிவிட்டது, வார இறுதிக்கு வீட்டுக்குப் போகிறேன் என்று மருத்துவரிடம் கேட்கிறார். பேட்டி படம்பிடிக்கப்பட்டிருக்கிறது. அவர் பேச்சும் சிரிப்பும் இயல்பாகவே தெரிகின்றன. ஆனால் வெளியே போய்த் தற்கொலை செய்துகொள்வதுதான் தன் திட்டமாக இருந்தது என்று பிறகு அவரே சொல்லிவிட்டார். படச்சுருளை மெதுவாக ஓட்டித் திரும்பத் திரும்பப் பார்த்தபோது, ஒரு கணம், கண் இமைப்பதற்குள், முகத்தில் கடும் வேதனை வந்து உடனே சிரிப்பால் மூடப்படுவது தெரிந்தது. மறைக்கப்படும் உணர்ச்சி ஒரு நொடியில் 25இல் ஒரு பங்கிலிருந்து 5இல் ஒரு பங்கு நேரம் வரை இப்படிக் கசியும் என்றார்கள்.

படித்தால் யாருக்கும் சிலிர்க்கும் கதைதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெண் எதை மறைத்தார் என்பது தெரிந்த பிறகுதான் படச்சுருளைத் தேடிப் பார்த்தார்கள். விடை கையில் இருந்தது, தடயம் கிடைத்தது. விமான நிலைய அதிகாரிக்கு விடையும் கையில் இல்லை, சுருளை மெதுவாக ஓட்டவும் முடியாது.

2008இல் ஸ்டீஃபன் போர்ட்டரும் லியான் டென் பிரிங்கும் கனடாவில் இதைச் சோதித்தார்கள். உணர்ச்சியைத் தூண்டும் படங்களைப் பார்த்துக்கொண்டு உண்மையாகவும் பொய்யாகவும் முகம் காட்டச் சொல்லி, 697 பாவனைகளை ஒவ்வொரு சட்டகமாக ஆராய்ந்தார்கள். நுண்பாவனை தென்பட்டது 14இல் மட்டும். அதாவது 2 சதவீதம். அதுவும் முழு முகத்தில் இல்லை, மேல் பாதியிலோ கீழ்ப் பாதியிலோதான். போதாக்குறைக்கு, உண்மையான பாவனைகளிலும் அது இருந்தது.

வரிசையில் ஒருவர்

2015 மார்ச்சில் ‘தி இன்டர்செப்ட்’ இணைய இதழ் ஸ்பாட்டின் மதிப்பெண் தாளை வெளியிட்டது. 90க்கும் மேற்பட்ட அம்சங்கள். மன அழுத்தத்தைக் காட்டுபவை என்று ஒரு பட்டியல், ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. பயத்தைக் காட்டுபவைக்கு 2. ஏமாற்றுவதைக் காட்டுபவைக்கு 3. கூட்டுத்தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் ஆளைத் தனியே அழைத்துச் சோதனை, அதற்கும் மேலே போனால் போலீஸ்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். டாக்ஸி நெரிசலில் மாட்டி விமானத்துக்குத் தாமதமாக வந்தவர். தாமதம், அழுத்தப் பட்டியலில் இருக்கிறது. ஓடி வந்ததில் வியர்வை. சூழலுக்குப் பொருந்தாத வியர்வையும் இருக்கிறது. விடிகாலை விமானம் என்பதால் பெரிய கொட்டாவி விடுகிறார், அதுவும். தொண்டையைக் கனைக்கிறார், அதுவும். முந்தின நாள் தாடியை எடுத்திருந்தால், புதிதாக மழித்ததால் வெளிறிய முகம் என்று அதற்கும் ஓர் இடம் உண்டு. சரி, இதெல்லாம் தெரிந்து, நிதானமாக விசிலடித்தபடி வந்தால்? விசிலும் பட்டியலில் இருக்கிறது.

கண்ணைத் தாழ்த்தி அதிகாரியின் பார்வையைத் தவிர்த்தால் சந்தேகம். ஊடுருவி முறைத்தாலும் சந்தேகம். சோதனை முறையைப் பற்றி எரிச்சலாகக் கமெண்ட் அடித்தால் அதற்கும் புள்ளி. இந்தக் கட்டுரையையே வரிசையில் நின்று சத்தமாக வாசித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே பேய்க்கு மதிப்பெண் தாளும் அச்சடித்து வைத்திருந்தார்கள்.

பட்டியல் ஒன்றுதான், ஆனால் பார்க்கிறவர்கள் வேறு வேறு. ஜி.ஏ.ஓ. பேட்டி கண்ட 25 அதிகாரிகளில் 21 பேர், சில அறிகுறிகள் ஆளுக்கு ஆள் மாறுபடுபவை என்று ஒப்புக்கொண்டார்கள். 160 மணி நேர வேலைக்கு எத்தனை பயணிகளைத் தனியே அனுப்புகிறார்கள் என்று கணக்கிட்டபோது, ஓர் அதிகாரிக்குப் பூஜ்யம், இன்னொருவருக்கு 26 என்ற அளவுக்கு வித்தியாசம் வந்தது. தெர்மாமீட்டர் இப்படிக் காட்டினால் குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும்.

இப்படி ஆள் மனத்துக்கு இடம் விட்டால் அந்த இடத்தில் எது வந்து உட்காரும் என்பது தெரிந்ததே. 2012 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தியில், லோகன் விமான நிலையத்தின் 30க்கும் மேற்பட்ட அதிகாரிகளே புகார் சொல்லியிருந்தார்கள்: கறுப்பர், ஹிஸ்பானியர், மத்தியக் கிழக்கைச் சேர்ந்தவர்கள் என்று தோற்றத்தை வைத்தே சக ஊழியர்கள் ஆட்களை நிறுத்துகிறார்கள். திட்டம் பிறந்த இடத்திலேயே, அதைச் செய்தவர்கள் வாயாலேயே வந்த புகார்.

எண்கள் சொன்னது

2004 மே முதல் 2008 ஆகஸ்ட் வரையிலான கணக்கை ஜி.ஏ.ஓ. 2010இல் வெளியிட்டது. அந்தக் காலத்தில் ஸ்பாட் இருந்த விமான நிலையங்களில் விமானம் ஏறியவர்கள் சுமார் 200 கோடி. தனியே அழைக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 1 லட்சத்து 52 ஆயிரம். அவர்களில் போலீஸிடம் அனுப்பப்பட்டவர்கள் சுமார் 14,000. கைதானவர்கள் 1,100க்குச் சற்றுக் குறைவு. கைதுக்குக் காரணங்கள் பெரும்பாலும் குடியேற்ற ஆவணச் சிக்கல், நிலுவையில் இருந்த வாரண்ட், போலி அடையாள அட்டை, போதைப்பொருள். பயங்கரவாதி என்று ஒருவரும் சிக்கவில்லை.

மறுபக்கம் இன்னும் சங்கடமானது. பிற்பாடு பயங்கரவாதச் சதி வழக்குகளில் பெயர் அடிபட்ட 16 பேராவது, ஸ்பாட் அதிகாரிகள் பணியில் இருந்த 8 விமான நிலையங்கள் வழியாக, மொத்தம் 23 முறை போய் வந்திருக்கிறார்கள். அவர்கள் அந்தந்த நாளில் சதி வேலையாகத்தான் போனார்களா என்பது வேறு கேள்வி. எப்படியோ, அவர்கள் பயமற்ற முகத்தோடு போயிருக்கலாம், பயந்த முகத்தோடும் போயிருக்கலாம்.

டி.எஸ்.ஏ. சும்மா இருக்கவில்லை. 2011இல் அதன் தாய்த்துறையான உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஒரு மதிப்பீட்டு ஆய்வை முன்வைத்தது: கண்ணை மூடிக்கொண்டு யாரையாவது நிறுத்துவதைவிட ஸ்பாட் ஒன்பது மடங்கு சிறப்பாக ‘அதிக ஆபத்துள்ள’ பயணியைக் கண்டுபிடிக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ‘அதிக ஆபத்து’ என்பதில் போலி ஆவணம் முதலானவையும் அடக்கம். அதோடு, தன் முன்னால் நிற்பவர் அறிகுறி காட்டியதால் வந்தவரா, குலுக்கல் முறையில் வந்தவரா என்பது சோதிக்கும் அதிகாரிக்குத் தெரிந்திருந்தது. மாத்திரை எது, சர்க்கரை உருண்டை எது என்று டாக்டருக்குத் தெரிந்தால் அந்த மருந்துச் சோதனை செல்லாது. இதுவும் அப்படித்தான் என்று 2013 அறிக்கை சுட்டிக்காட்டியது.

இதையெல்லாம் விட்டுவிட்டு, ஸ்பாட் 90 சதவீதம் துல்லியம் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். 10 லட்சம் பயணிகளில் ஒருவர்தான் உண்மையில் ஆபத்தானவர். அவரைப் பிடிக்க 10இல் 9 வாய்ப்பு இருக்கிறது. ஆனால் கூடவே ஏறக்குறைய 1 லட்சம் அப்பாவிகள் மாட்டுவார்கள். அரிதான ஒன்றைத் தேடும் எந்தச் சோதனைக்கும் இந்தத் தலைவலி உண்டு.

உண்மையான துல்லியம் எவ்வளவு? சார்ல்ஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் 2006இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் 24,000க்கும் மேற்பட்டவர்களின் தீர்ப்புகள் அடங்கும். கருவியோ முன்தகவலோ இல்லாமல் ஆளைப் பார்த்து மெய்யா பொய்யா என்று சொன்னதில் சராசரியாகச் சரியானது 54 சதவீதம். காசைச் சுண்டிவிட்டாலே 50 வரும்.

கோட்பாடுகளிடம் போய்க் கேட்டால்

முதலில் ஏக்மனையே கேட்போம். அவர் 2011இல் நாடாளுமன்றக் குழு முன் ஸ்பாட்டுக்கு ஆதரவாகத்தான் பேசினார். ஆனால் 1985இல் பொய்யைப் பற்றி எழுதிய புத்தகத்தில் அவரே ஓர் எச்சரிக்கை விடுத்து, அதற்கு ‘ஒத்தெல்லோ பிழை’ என்று பெயரும் வைத்திருக்கிறார். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் டெஸ்டிமோனாவின் முகத்தில் பயம் தெரிகிறது. கணவன் ஒத்தெல்லோ அதைப் பிழையின்றிப் படிக்கிறான். ஆனால் கள்ளக்காதல் வெளிப்பட்ட பயம் என்று முடிவு கட்டிவிடுகிறான். கணவன் தன்னை நம்பப்போவதில்லை, கொல்லப்போகிறான் என்று தெரிந்த ஒரு நிரபராதியின் பயம் அது. முகம் உணர்ச்சியைச் சொல்லும், அதன் காரணத்தைச் சொல்லாது. இது ஏக்மனின் சொந்தக் கோட்பாட்டுக்குள் இருக்கும் வரம்பு. நிறுத்தி விசாரிப்பதற்கு ஒரு காரணம் கிடைத்தால் போதுமே என்று ஆதரவாளர்கள் சொல்லலாம். அதற்கும் குற்றவாளியின் பயம் அப்பாவியின் பயத்தைவிட அடிக்கடி கண்ணில் பட வேண்டும். அது நிறுவப்படவில்லை.

தமிழில் இதை யோசிக்கும்போது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் ஞாபகத்துக்கு வருகிறது. எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நான்கு நான்காக அது அடுக்குகிறது. அச்சத்துக்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. கடைசியது, தனக்கு மேலே அதிகாரத்தில் இருப்பவர். சீருடைக்கு முன்னால் நிற்கும்போது ஒன்றும் செய்யாதவனுக்கும் வயிற்றைக் கலக்குவது இந்த நான்காவது வகை. ஸ்பாட்டின் மதிப்பெண் தாளில் அதற்குக் கழிவு ஏதும் இல்லை.

அடுத்து வில்லியம் ஜேம்ஸ். 1884இல் அவர் சொன்னது: அழுவதால் வருத்தப்படுகிறோம், நடுங்குவதால் பயப்படுகிறோம். உடல் மாற்றம் முதலில், அதை உணர்வதுதான் உணர்ச்சி. இது சரியென்றால் ஒவ்வோர் உணர்ச்சிக்கும் தனி உடல் அடையாளம் இருக்க வேண்டும், ஸ்பாட்டுக்கு வசதிதான். 1927இல் வால்டர் கேனன் இதை அடித்து நொறுக்கினார். இதயத் துடிப்பு, வியர்வை போன்றவை பயத்திலும் கோபத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. காய்ச்சலிலும் கடுங்குளிரிலும்கூட அதே மாற்றங்கள் வருகின்றன என்றார். டாக்ஸியிலிருந்து இறங்கி ஓடி வந்தவரின் வியர்வைக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைக்கமாட்டார்.

1962இல் ஸ்டான்லி ஷாக்டர், ஜெரோம் சிங்கர் இருவரும் ஒரு படி மேலே போனார்கள். 184 மாணவர்களுக்குப் பார்வையைச் சோதிக்கும் வைட்டமின் என்று சொல்லி ஊசி போட்டார்கள். சிலருக்கு அது அட்ரினலின், சிலருக்கு வெறும் உப்பு நீர். அட்ரினலின் பெற்றவர்களில் சிலருக்குப் படபடப்பு வரும் என்று முன்கூட்டியே சொன்னார்கள், மற்றவர்களுக்குச் சொல்லவில்லை. பிறகு பக்கத்தில் ஒரு நடிகரை விட்டு, குதூகலமாகவோ கோபமாகவோ நடக்கச் சொன்னார்கள். காரணம் தெரியாமல் படபடத்தவர்கள் சூழலைப் பார்த்துத் தம் படபடப்புக்குப் பெயர் வைத்தார்கள் என்பது அவர்கள் முடிவு. பிற்காலத்தில் இதைத் திரும்பச் செய்தவர்களுக்கு இவ்வளவு சுத்தமாக முடிவு வரவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் இந்தக் கோட்பாட்டின்படி உடம்பில் தெரியும் கிளர்ச்சிக்குப் பெயரே ஒட்டியிருக்காது. சொந்தக்காரரே சூழலைப் பார்த்துத்தான் பெயர் வைக்கிறார் என்றால், பத்தடி தள்ளி நிற்கும் அதிகாரி என்ன செய்வார்? தன் மனத்தில் உள்ள சூழலைப் பார்த்து வைப்பார்.

கடைசியாக, இன்றைய ஏக்மன் எதிர்ப்பாளர்கள். 2016இல் கார்லோஸ் கிரிவெல்லி முதலானோர் டிரோப்ரியாண்ட் தீவினரிடம் ‘பயந்த முகம்’ என்று நாம் சொல்லும் படத்தைக் காட்டியபோது, அவர்கள் அதை மிரட்டும் முகமாக வாசித்தார்கள். 2019இல் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் நான்கு சகாக்களும் பெருந்தொகையான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, கோபத்தில் இருப்பவர்கள் முகம் சுளிப்பது சுமார் 30 சதவீத நேரம்தான் என்றார்கள். மீதி நேரம் சிரிக்கலாம், அழலாம், ஒன்றும் காட்டாமல் இருக்கலாம். கோபம் இல்லாமலே சுளிப்பதும் நிறைய: கவனமாக யோசிக்கும்போது, வயிறு வலிக்கும்போது. இவர்கள் சொல்வது சரியென்றால் முகத்திலிருந்து உணர்ச்சிக்குப் போகும் முதல் படியே ஆட்டம் காண்கிறது. உணர்ச்சியிலிருந்து உள்நோக்கத்துக்குப் போகும் இரண்டாம் படியைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

ஏக்மன் தரப்பைப் பற்றி ஒரு மனக்குறையும் எனக்கு உண்டு. 2010இல் ‘நேச்சர்’ இதழ் அவரைக் கேட்டபோது, தன் வேலையின் விவரங்களை எல்லாம் ஆய்விதழ்களில் இப்போது வெளியிடுவதில்லை, எதிரி நாட்டு விஞ்ஞானிகள் படிக்கிறார்கள் என்ற பொருளில் பதில் சொன்னார். பாதுகாப்புக் காரணம் இருக்கலாம். ஆனால் சக விஞ்ஞானிகள் சரிபார்க்க முடியாத ஒன்றை ‘அறிவியல் அடிப்படை’ என்று அழைத்து 90 கோடி டாலர் கேட்பது சரியான வழக்கம் இல்லை.

அப்புறம்

டி.எஸ்.ஏ. பட்டியலை 36 அறிகுறிகளாகக் குறைத்தது. 2016இல் தனி அதிகாரிப் பதவியை எடுத்துவிட்டு, அவர்களை வழக்கமான சோதனைப் பணியில் கலந்தது. 2017இல் ஜி.ஏ.ஓ. மறுபடி வந்து, அந்த 36க்கு ஆதாரம் கேட்டது. 178 மூலங்களை டி.எஸ்.ஏ. நீட்டியது. படித்துப் பார்த்ததில் 175 பயன்படவில்லை. செய்திக் கட்டுரை, அபிப்பிராயம் என்ற ரகத்தில் பல. 28 அறிகுறிகளுக்குச் செல்லத்தக்க சான்று எதுவுமே இல்லை.

வேறு வழி இல்லாமல் இல்லை. 2015இல் தாமஸ் ஆர்மெராடும் கோரல் டாண்டோவும் ஐரோப்பிய விமான நிலையங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். போலிக் கதையோடு அனுப்பப்பட்ட ஆட்களைப் பாதுகாப்பு ஊழியர்கள் பிடிக்க வேண்டும். முகக்குறி பார்க்கும் வழக்கமான முறையில் பிடிபட்டவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. இன்னொரு குழு முகத்தை விட்டுவிட்டு, சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தது. எங்கே வேலை, அங்கே போக எந்த பஸ், பக்கத்தில் என்ன கடை என்று எதிர்பாராத, ஆனால் உண்மையானவருக்குச் சுலபமான கேள்விகள். அவர்கள் மூன்றில் இரண்டு பங்குப் பேரைப் பிடித்தார்கள்.

முகம் பார்க்கும் ஆசை அதற்காக ஓய்ந்துவிடவில்லை, மனிதக் கண்ணிலிருந்து கேமராவுக்கு மாறியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியப் பணத்தில் 2016 முதல் 2019 வரை நடந்த ‘ஐபார்டர்கண்ட்ரோல்’ திட்டம், கணினித் திரையில் ஓர் அதிகாரி உருவத்தைக் கேள்வி கேட்க வைத்து, பயணியின் நுண்ணசைவுகளை வைத்துப் பொய் கண்டுபிடிக்க முயன்றது. ஹங்கேரி, கிரீஸ், லாட்வியா எல்லைகளில் சோதித்தார்கள். 2024இல் வந்த ஐரோப்பிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், உணர்ச்சியைக் கண்டறியும் கருவிகளை மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர மற்றபடி அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் தடை செய்திருக்கிறது. எல்லைச் சாவடிக்கு அந்தத் தடை இல்லை; அங்கே அது ‘அதிக ஆபத்துள்ள’ தொழில்நுட்பம் என்ற பிரிவில், நிபந்தனைகளோடு அனுமதிக்கப்படுகிறது.